உழைக்கத் தகுதியுள்ளவர்

கை போனவருக்கு உண்டு, கால் போனவருக்கு உண்டு, கண் தெரியாதவருக்கு உண்டு. நெஞ்சுக்குள்ளே கெட்டுப்போனவருக்கு மட்டும் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். தாலுகா ஆபீஸ் கிளார்க் எனக்கு அப்படித்தான் விளக்கினார். உடம்பு முடியாமல் வீட்டோடு கிடக்கிற ஏழைகளுக்குச் சர்க்கார் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்திருந்த காலம். எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதைப் பென்ஷன் என்றுதான் சொன்னோம். கடலுக்குப் போகிறவனுக்குப் பென்ஷனா என்று சொல்லும்போதே எங்கள் தெருவில் சிரிப்பார்கள்.

என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். முத்துக்குளிப்பு எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே நின்றுபோயிருந்தது. கடலடியில் சிப்பி இல்லை என்று சர்க்கார் சொல்லிவிட்டது. சங்கு மட்டும் பருவத்துக்குப் பருவம் உண்டு. விடியும் முன்னே கரைக்காற்றைப் பிடித்து எங்கள் திரேஸ்புரம் கரையிலிருந்து வள்ளம் புறப்படும். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்றில் திரும்பி வரும். முகத்தில் ஒரு கண்ணாடி, இடுப்பில் ஒரு வலைப்பை. காற்றுக்குழாய் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. மூச்சை இழுத்து அடைத்துக்கொண்டு கீழே போய், மணலைத் தடவி, கிடைத்ததை எடுத்துக்கொண்டு மேலே வரவேண்டும்.

ஆள் எவ்வளவு நேரம் அடியில் இருக்கிறார் என்று பார்க்க வள்ளத்தில் கடிகாரம் ஏது? மேலே இருக்கிற கூட்டாளி ஜெபம் சொல்லுவார். மாதாவை வாழ்த்திச் சொல்லும் மந்திரத்துக்கு எங்கள் பக்கம் அப்போது பிரியதத்தம் என்று பேர். ஒன்று முடிந்தால் அடுத்தது, அவசரப்படாமல், ஒரே வேகத்தில். ஆள் தலை தெரிந்ததும் நிறுத்துவார். அதுதான் கணக்கு, அதுதான் காவலும். என் அப்பா ஊரான ஆலந்தலைக்கு என்னைப் பெண் கேட்டு வந்தபோது, மாப்பிள்ளை குடிப்பாரா, கை நீட்டுகிறவரா என்று என் அப்பா ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. எத்தனை பிரியதத்தம் தாங்குவார் என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் உச்சி குளிர்ந்துபோய் அங்கேயே சரி சொல்லிவிட்டார். என்னை யார் கேட்டார்கள்? போகட்டும். மனிதர் நல்லவராக வாய்த்தார், அது என் அதிர்ஷ்டம்.

கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, ஒரு பருவத்தின் கடைசி நாட்களில், மேலே வந்தவர் வாயிலும் மூக்கிலும் நுரைநுரையாக ரத்தம். கூட்டாளிகள் தோளில் போட்டுக் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். அதற்குப் பிறகு அவர் பழைய ஆள் இல்லை. கோயிலுக்கு நடந்து போனால் வழியில் யார் வீட்டுப் படியிலாவது உட்கார்ந்துவிடுவார். பேசிக்கொண்டே இருக்கும்போது பாதியில் நிறுத்தி மூச்சு வாங்குவார். ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்துப் பார்த்துக் காசம் இல்லை என்றார்கள். காசம் என்றாலாவது அதற்கு ஊசி உண்டு, மாத்திரை உண்டு. பேர் இல்லாத நோய்க்கு என்ன உண்டு? மருந்து கொடுக்கிற ஜன்னலில் இருந்தவர் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, இன்னொரு தரம் தண்ணிக்குள் இறங்கினால் ஆள் தேறாது, பார்த்துக்கொள் என்றார்.

பார்த்துக்கொள் என்றால் எப்படிப் பார்த்துக்கொள்வது? என்னிடம் இருந்தது ஒரு தையல் மிஷின். மடத்துச் சிஸ்டர்களிடம் படித்த தையல். ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்து, எங்கள் இரண்டு பேருக்கும் மகளுக்கும் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். பெண்டாட்டி மிதிக்கிற மிஷினில் வருகிற சோறு அவருக்கு இறங்கவில்லை. பிசைந்துகொண்டே இருப்பார். அடுத்த பருவம் திறந்தால் இந்த மனிதர் வள்ளத்தில் ஏறத்தான் செய்வார் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் பென்ஷன் வந்துவிட்டால், இது சர்க்கார் உங்களுக்குக் கொடுக்கிறது, உங்கள் பேருக்கு வருகிறது என்று சொல்லி அவரைக் கரையில் கட்டிப் போட்டுவிடலாம். எனக்குப் பணத்தைவிட அந்தச் சாக்குதான் வேண்டியிருந்தது.

அதற்காகத் தாலுகா ஆபீஸுக்கு நடந்தேன். அந்த நடையெல்லாம் சொன்னால் நீங்கள் புத்தகத்தை மூடி வைத்துவிடுவீர்கள். ஒருவழியாக, ஆளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, உழைத்துச் சாப்பிட முடியாதவர் என்று டாக்டர் எழுதினால் மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குச் சந்தோஷம். இது ஒரு பெரிய காரியமா? கண் உள்ள எவரும் அவரைப் பார்த்தால் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்குப் பூசைக்குப் போகிற மாதிரி முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். வேண்டாம், வீட்டில் போடுகிற சட்டையே போதும் என்றேன். டாக்டர் முன்னால் பிச்சைக்காரன் மாதிரி நிற்கச் சொல்கிறாயா என்று கோபித்துக்கொண்டார். வழியில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது, அங்கே போய் என்ன சொல்லவேண்டும் என்று என்னிடம் கேட்டார். உள்ளதைச் சொல்லுங்கள், அது போதும் என்றேன். அன்றைக்கு அதுதான் போதவில்லை.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவர் அறைக்கு முன்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தால் எவருக்கும் பைத்தியம் பிடிக்கும். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், முதுகில் தட்டிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்துவா என்று அனுப்பினார். எக்ஸ்ரே அறை இருட்டாக, குளிராக இருந்தது. என்னை வாசல் திரைக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். நான் திரையை விலக்கிக்கொண்டுதான் நின்றேன். அவர் சட்டையைக் கழற்றிவிட்டு அந்தப் பலகையில் நெஞ்சை ஒட்டி நின்றார்.

எக்ஸ்ரே எடுக்கிறவர், மூச்சை நன்றாக இழு, பிடித்துக்கொள், நான் சொல்கிற வரைக்கும் விடாதே என்றார். அவர் இழுத்தார், பிடித்தார். மிஷின் ஒரு சத்தம் போட்டு அடங்கியது. அதே நேரம் வெளியே ஒரே கூச்சல். புது ஹார்பரில் சாமான் விழுந்து கால் நசுங்கின ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எக்ஸ்ரேக்காரர் அப்படியே போட்டது போட்டபடி வெளியே ஓடினார். விடு என்று சொல்ல மறந்துவிட்டார்.

மற்ற எவராக இருந்தாலும் என்ன செய்வார்? கொஞ்சம் பொறுத்துவிட்டுத் தானே விட்டுவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொள்வார். இவர் நின்றார். பிடி என்று ஒருவர் சொல்லி, அதற்கு முன்னால் விடுகிற பழக்கம் அவர் உடம்புக்குக் கிடையாது. எங்கள் ஆட்களில் பாதியில் மூச்சை விட்டு மேலே வருகிறவனுக்கு வாய்திறந்தான் என்று பேர் வைப்பார்கள். அந்தப் பேர் பிள்ளை குட்டி வரைக்கும் போகும். திரைக்குப் பக்கத்தில் நின்ற என் வாய் தானாகப் பிரியதத்தம் சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஒன்று முடிந்து இரண்டு, இரண்டு முடிந்து மூன்று. விடுங்கள் என்று திரைக்குள்ளே சொன்னேன். கையைப் பின்னால் நீட்டி, சும்மா இரு என்று ஜாடை காட்டினார்.

எக்ஸ்ரேக்காரர் திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில் அதே மாதிரி நிற்கிறார். மனிதர் பதறிப்போய், விடுய்யா, விடுய்யா என்று கத்தினார். இவர் நிதானமாக, மூக்கு வழியே, கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். விட்டுவிட்டுச் சிரித்தார். எத்தனை மாதம் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன்! எக்ஸ்ரேக்காரர் நேரே டாக்டரிடம் ஓடி, இந்த அதிசயத்தை வந்து பாருங்கள் என்று கூட்டி வந்தார்.

டாக்டர் வந்தார். பின்னாலேயே ஒரு நர்ஸ், ஒரு ஆயா, இன்னும் யார் யாரோ. நீ சங்கு குளிக்கிற ஆளா, எங்கே இன்னொரு தடவை பிடி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய், அவர் நோயாளி ஐயா, சந்தையில் மாடு பிடித்துப் பார்க்கிற மாதிரி பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். ஆயா என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை கோபம். நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குகிறாயே என்கிற பார்வை. அப்புறம் நெஞ்சை விரித்து இழுத்தார். கழுத்து நரம்பு கயிறு மாதிரி எழும்பி நின்றது. டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அவரைப் பார்க்கிறார், மறுபடி கடிகாரத்தைப் பார்க்கிறார். விட்டதும் ஆயாவே கை தட்டினாள்.

"எனக்கு இதுல பாதி வராதுய்யா" என்றார் டாக்டர். இவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. பூசையில் குருவானவர் பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூட அப்படி மலர்ந்திருக்க மாட்டார்.

எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லையாம். நெஞ்சு நல்ல பலமாக இருக்கிறதாம். உழைக்கத் தகுதியுள்ளவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் விடவில்லை. இவரை அந்த மாடிப்படியில் ஒரு தடவை ஏறச் சொல்லுங்கள், அதைப் பாருங்கள், அப்புறம் எழுதுங்கள் என்றேன். இவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்கிற ஆளுக்குப் படி ஏற முடியாது என்றால் யாராவது நம்புவார்களா அம்மா என்று சிரித்தார். அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். உயிர் போனாலும் வாயைத் திறக்காமல் இருக்கிற பழக்கம் வேறு, நெஞ்சுக்குள் பலம் இருப்பது வேறு என்று எனக்கு அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லியிருந்தாலும் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார். கூப்பிட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர் இருமினார் பாருங்கள், துண்டை வாயில் வைத்து எடுத்தால் முழுக்கச் சிவப்பு. நான் அந்தத் துண்டைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தேன். இதைக் கொண்டுபோய் அந்த டாக்டர் மேஜையில் விரித்துப் போடுகிறேன் என்றேன். அவர் என் சீலை முந்தியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏளா, வேண்டாம். நல்லாருக்குன்னு சொன்ன மனுசன்ட்ட போயி இதக் காட்டாத."

எனக்கு வந்த ஆத்திரத்தில் முந்தியை உதறிவிட்டுப் போனேன். நேரம் முடிந்துவிட்டது என்று கதவைச் சாத்தியிருந்தார்கள். தட்டினேன். கை தட்டின அதே ஆயாதான் வந்து, டாக்டர் வார்டுக்குப் போய்விட்டார், திங்கட்கிழமை வா என்றாள். திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். டாக்டர் தட்டிக் கொடுத்ததில் அவர் முகத்தில் வந்திருந்த வெளிச்சத்தை அணைக்க எனக்கும் மனசு வரவில்லை என்று சொன்னால் அது பொய். நான் கெஞ்சினேன், திட்டினேன், மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். மனிதர் அசையவில்லை.

தாலுகா ஆபீஸில் கிளார்க் அந்தச் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு, ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். இன்னும் ஒரு வருஷத்துக்கு இதுதான் முடிவு. "புருசன் நல்லாருக்காருன்னு சந்தோசப்படுவியா, அத விட்டுட்டு அழுதுகிட்டு நிக்கியே" என்றார். அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். காகிதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கடற்கரை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பெரிய டாக்டரே வாட்சைப் பார்த்து அசந்துபோனாராமே என்று வீட்டு வாசலில் வந்து விசாரித்தார்கள். இவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு மூச்சு வாங்குவார். முதலில் அதில் அவருக்குப் பெருமை. அப்புறம் பேச்சு மாறியது. நெஞ்சு நன்றாக இருக்கிறது என்று சர்க்காரே சொல்லியாகிவிட்டது, பிறகு ஏன் வீட்டில் கிடக்கிறார்? பெண்டாட்டி தைத்துப் போடுகிறாள், இவர் உட்கார்ந்து தின்கிறார். நேரில் யாரும் சொல்லவில்லை. மீன் வாங்கப் போன இடத்தில் என் காதுபடச் சொன்னார்கள். அது அவர் காதுக்கு எட்டாமலா இருந்திருக்கும்? அதற்கு முன்னால் அவர் நோயாளி. அந்தக் காகிதம் வந்த பிறகு சோம்பேறி.

பருவம் திறந்தது. வள்ளத்துக்காரரான சம்மாட்டி ஆள் அனுப்பினார். நான் கடற்கரைக்கே போய், என் வீட்டுக்காரரை ஏற்றாதீர்கள் என்று நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டேன். அவர் எனக்கு அண்ணன் முறை. தங்கச்சி, டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் கூப்பிடுவேனா, எனக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது என்றார். அவரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. யாரையுமே குற்றம் சொல்ல முடியாமல் என் வீடு மூழ்கிக்கொண்டிருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

வீட்டில் சண்டை. போனால் நான் ஆலந்தலைக்குப் போய்விடுவேன் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட அவரிடம் மூச்சு எங்கே இருந்தது? கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

"ஒழைக்கலாம்னு எழுதிக் குடுத்துட்டாவல்லா. இனிம வீட்டுல இருந்தா நான் மனுசனாளா?"

போனார். நான் ஆலந்தலைக்குப் போகவில்லை. எங்கே போவது? தினமும் மத்தியானம் கடல்காற்று வீச ஆரம்பித்ததும் மிஷினை விட்டு எழுந்து போய்க் கரையில் நிற்பேன். பாய் தெரியும். வள்ளம் அடையும். அவர் இறங்கி வருவார். சாம்பல் நிறத்தில் இருப்பார், ஆனால் நடந்து வருவார். சில நாள் அப்படிப் போனது. என்ன இருந்தாலும் டாக்டர் படித்தவர், அவர் சொன்னதுதான் சரியோ என்று எனக்கே ஒரு சபலம் தட்டியது. மாதாவுக்கு மெழுகுதிரிகூட ஏற்றினேன்.

அப்புறம் ஒரு நாள் வள்ளம் நேரத்துக்கு முன்னாலேயே வந்தது. காற்று திரும்பவில்லை, துடுப்புப் போட்டு வந்தார்கள். பாயை இறக்கி அதில் அவரைக் கிடத்தித் தூக்கி வந்தார்கள். கீழே போனவர் வெகுநேரம் வரவில்லையாம். மேலே ஜெபம் சொன்னவன் பயந்துபோய்க் குதித்திருக்கிறான். பாதி வழியில் கையை மேலே நீட்டியபடி வந்துகொண்டிருந்தவரைப் பிடித்து ஏற்றியிருக்கிறான். அப்போதும் வாயை இறுக மூடியிருந்தாராம். வள்ளத்தில் போட்ட பிறகுதான் ரத்தம் வந்ததாம். கூட்டாளிகள் இதை ஒரு பெருமையாக என்னிடம் சொன்னார்கள். எனக்கு அவர்களை அடிக்கலாம் போல இருந்தது.

உயிர் மிஞ்சியது. அவ்வளவுதான் மிஞ்சியது. படுத்தால் மூச்சு முட்டும், அதனால் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே இருப்பார். எழுந்து நிற்க முடியாது. நாலு வார்த்தை பேசினால் உதடு கறுத்துவிடும். நெஞ்செலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், அவள் தலையைத் தடவுவதற்குள் கை சோர்ந்து விழும்.

நான் மறுபடியும் தாலுகா ஆபீஸுக்குப் போனேன். வருஷம் முடியவில்லை, பழைய ரிப்போர்ட் இருக்கிறது என்று அதே கிளார்க் அதையே சொன்னார். அன்றைக்கு நான் அழவில்லை. மீன்கூடை ஏற்றுகிற கைவண்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் பாயை விரித்து அவரைச் சாய்த்து உட்கார வைத்து, இரண்டு கூட்டாளிகளைத் தள்ளச் சொல்லி ஊர்வழியே கொண்டுபோனேன். தாசில்தார் அறை வாசலில் வண்டியை நிறுத்தினேன். உழைக்கத் தகுதியுள்ளவரைக் கொண்டுவந்திருக்கிறேன், உங்கள் ஆபீஸில் ஏதாவது வேலை இருந்தால் கொடுங்கள் என்று வாசலில் நின்று சத்தமாகச் சொன்னேன். என் வாய்க்கு ஆயுசில் ஒரே ஒரு பலன் கிடைத்தது என்றால் அது அன்றைக்குத்தான். தாசில்தார் வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார். உள்ளே போய், மறுபரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

வண்டியை அப்படியே ஆஸ்பத்திரிக்குத் திருப்பினோம். வழியில் நான் குனிந்து, இந்தத் தடவை யார் என்ன சொன்னாலும் மூச்சைப் பிடிக்காதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று சொன்னேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கூட்டாளிகள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், அவர்கள் காதில் விழும்படி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். நினைத்து என்ன செய்ய?

இந்தத் தடவை டாக்டர் ஒரு அம்மாள், கொஞ்சம் வயசானவர். என் வீட்டுக்காரரைக் கட்டிலில் ஏற்றி உட்கார வைத்தார்கள். என்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன். கட்டில் தலைமாட்டில் நின்றுகொண்டு, என் புருஷன் ஒன்றுக்கும் உதவமாட்டார் என்று இந்த அம்மாள் சொல்லிவிட வேண்டும் தாயே என்று மாதாவிடம் வேண்டினேன். எந்தப் பெண்டாட்டியாவது இப்படி ஒரு வேண்டுதல் வைத்திருப்பாளா? நான் வைத்தேன். முழு மனசோடு வைத்தேன்.

அந்த அம்மாள் அவசரப்படாமல் பார்த்தார். விரல் நகத்தைப் பார்த்தார், காலை அழுத்திப் பார்த்தார், முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். கடைசியில் அந்த வார்த்தையையும் சொன்னார். மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்றார். அவர் இழுத்தார். கொஞ்சம்தான் போனது. கழுத்து நரம்பு எழும்பியது. கட்டில் விளிம்பைக் கை இறுகப் பிடித்துக்கொண்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார். கண் என்னைப் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. சட்டென்று மூச்சு தானாகப் பீறிட்டு வெளியே வந்துவிட்டது. இருமி இருமி என் கைமேல் சாய்ந்தார்.

டாக்டரம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் இங்கிலீஷில் சொல்லி எழுதச் சொன்னார். பிறகு என்னை வாசல் பக்கம் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். எழுதிவிட்டேன் அம்மா, பணம் வந்துவிடும், இனி இவரால் எந்த வேலையும் முடியாது, ரொம்ப நாளைக்கு எதிர்பார்க்காதே என்றார். நான் கும்பிட்டேன். எதற்குக் கும்பிட்டேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

திரும்பி வந்தால் அவர் கண் என்மேலேயே இருந்தது. என்ன சொன்னார்கள் என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து, உங்களால் இனி ஒன்றும் முடியாதாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவ்வளவு வாய் பேசுகிறவள், அந்த இடத்தில் ஒரு பொய் சொன்னேன். நெஞ்சு பரவாயில்லை, தேறிவிடுவீர்கள் என்று சொன்னார்கள் என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. கண்ணில் நீர் கட்டியது. அவரோடு வாழ்ந்த வருஷங்களில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"அப்பம் பென்ஷன் இல்லியா?" என்றார். மூச்சு வாங்கினார். "நான் புடிக்கவே இல்லியேளா. அந்தம்மா சொன்ன ஒடனே விட்டுட்டேன்." மறுபடி மூச்சு வாங்கினார். "நெனச்சிருந்தா புடிச்சிருப்பேன். ஒனக்காவத்தான் விட்டேன்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். என் கண்ணால் பார்த்தேன். அவர் எவ்வளவு பிடித்தார் என்று எனக்குத் தெரியும். அவர் கன்னத்தைத் துடைத்தேன்.

"கெடச்சிட்டு" என்றேன். "சும்மா ஒங்களச் சீண்டிப் பாத்தேன். பென்ஷன் கெடச்சிட்டு. நீங்க விட்டதுனாலதான் கெடச்சுது."